இராவணன்: திரையில் ஒருவன், களரியில் ஒருவன்

"இராவணன் இப்படியா இருப்பான்?"

2022 ஒக்டோபரில் 'ஆதிபுருஷ்' என்ற திரைப்படத்தின் முன்னோட்டம் வெளியானபோது இந்தியாவின் பல பாகங்களிலும் எழுந்த கேள்வி இது. ஓம் ராவுத் இயக்கிய அப்படத்தில் சயிஃப் அலி கான் இராவணனாகத் தோன்றினார். அவருடைய தாடியும் கத்தரித்த தலைமயிரும் பலரைச் சினங்கொள்ள வைத்தன. 2023 யூன் மாதத்தில் படம் திரைக்கு வந்தபோது, பத்துத் தலைகளும் ஒரே வரிசையில் அமையாமல் மேலும் கீழுமாக இரண்டு வரிசைகளில் அமைந்திருந்தது நகைப்புக்கு உள்ளானது.

அந்த வாதங்களைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு விடயம் வியப்பளித்தது. இராவணனைக் கண்டவர் எவருமில்லை. அவன் இலங்கையை ஆண்டதற்குச் சான்றாக ஒரு கல்வெட்டோ ஒரு நாணயமோ கிடைத்ததில்லை. இந்நாட்டு மன்னர் வரிசையை விஜயனிலிருந்து சொல்லும் மகாவம்சத்தில் இலங்கை வேந்தனாக அவனுக்கு இடமில்லை. அவனைப் பற்றிப் பேசும் இராஜாவலிய மிகப் பிற்பட்ட நூல். அவன் காவியத்தில் பிறந்து காவியத்தில் மடிந்தவன். ஆயினும் அவன் எப்படி இருப்பான், எப்படி நடப்பான், எப்படிச் சிரிப்பான் என்பதெல்லாம் கோடிக்கணக்கான மக்களுக்குத் 'தெரிந்திருக்கிறது'. அந்த எதிர்பார்ப்பை உருவாக்கியது எது?

என் தலைமுறையினருக்கு இக்கேள்விக்கு எளிதில் விடை சொல்லலாம். சினிமாதான். ஆனால் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு விடையும் உண்டு. அது சினிமாவிலும் பார்க்க மூத்தது. அதற்குப் பெயர் கூத்து. இவ்விரண்டும் காட்டிய இராவணர்களை ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திரை தந்த முகங்கள்

1958ஆம் ஆண்டு இராவணனுக்கு ஒரு முக்கியமான ஆண்டு. கே. சோமு இயக்கிய 'சம்பூர்ண இராமாயணம்' அவ்வாண்டில்தான் வெளிவந்தது. என். ரி. ராமராவ் இராமனாகவும், சிவாஜி கணேசன் பரதனாகவும், பத்மினி சீதையாகவும் நடித்தனர். இராவணனாக வந்தவர் ரி. கே. பகவதி. ரி. கே. எஸ். சகோதரர்களில் ஒருவரான அவர் மேடையில் வளர்ந்தவர். அதே குழுவின் நாடகத்தில் இராஜராஜ சோழனாக வேடமேற்றவர். அரசனாக நிற்பது எப்படி என்பதை அவருக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அப்படத்தில் இன்று வரை பேசப்படும் காட்சிகளில் ஒன்று இராவணனின் சபை. எந்தப் பொழுதுக்கு எந்த இராகம், எந்த உணர்வுக்கு எந்த இராகம் என்று கேட்கக் கேட்க அவன் பாடி விளக்குகிறான். சிதம்பரம் எஸ். ஜெயராமனின் குரலில், கே. வி. மகாதேவனின் இசையில், கொடியில் வீணை பொறித்த அந்த வேந்தன் ஒரு மகாவித்துவானாக எழுந்து நின்றான். இராமனின் பெருமையைச் சொல்லும் படத்தில் இராவணனுக்குக் கிடைத்த அந்தச் சில நிமிடங்கள் தமிழ்ச் சுவைஞர்களின் நெஞ்சில் நிலைத்துவிட்டன. அரக்கனைக் காணப் போனவர்கள் கலைஞனைக் கண்டு திரும்பினார்கள்.

அதே 1958இல் ஏவிஎம் நிறுவனத்தின் தெலுங்குப் படமான 'பூகைலாஸ்' வந்தது. அதில் இராவணன் யார் தெரியுமா? தமிழில் இராமனாகத் தோன்றிய அதே ராமராவ். கைலாயத்துச் சிவனிடம் ஆத்மலிங்கம் பெற்று வரும் பக்தனாக அவர் அதில் நடித்தார். 1961இல் தாமே இயக்கிய 'சீதாராம கல்யாணம்' படத்திலும் இராவண வேடத்தையே தமக்கென எடுத்துக்கொண்டார். ஆந்திரத்து மக்கள் இராமனாகவும் கிருஷ்ணனாகவும் கைகூப்பி வணங்கிய நடிகர், நடிப்புக்குச் சவாலான பாத்திரம் என்று தேடிச் சென்றது இராவணனிடம் என்பது கவனிக்கத்தக்கது.

பின்னர் தொலைக்காட்சி வந்தது. 1987 யனவரியில் தொடங்கிய ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தொடரில் அரவிந்த் திரிவேதி ஏற்ற இராவணன், அகன்ற கிரீடமும் இடி போன்ற குரலும் தலையைப் பின்னே சாய்த்து நகைக்கும் சிரிப்புமாக ஒரு தலைமுறையின் கண்களில் பதிந்தான். 2022இல் 'இப்படியா இருப்பான்?' என்று கேட்டவர்களில் பெரும்பாலோர் தம்மை அறியாமல் அவரையே அளவுகோலாகக் கொண்டிருந்தார்கள் என்பது எனது கணிப்பு.

2010இல் மணிரத்னத்தின் 'இராவணன்' வந்தது. விக்ரம் நடித்த வீரையாவுக்குக் கிரீடமும் இல்லை, இலங்கையும் இல்லை. காட்டில் வாழும் மக்களின் தலைவன், பொலிஸ் அதிகாரி ஒருவரின் மனைவியைக் கவர்ந்து செல்கிறான். 'யார் இராமன், யார் இராவணன்?' என்ற ஐயத்தைப் படம் எழுப்பியது. ஆனால் அந்த ஐயம் தமிழர்களுக்குப் புதியதல்ல. புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வெளிவந்து, 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இல்தான் அத்தடை நீங்கியது. அறிஞர் அண்ணாவின் 'நீதிதேவன் மயக்கம்' இராவணனுக்கு வழக்காடும் உரிமையைக் கொடுத்தது. ஆர். எஸ். மனோகரின் 'இலங்கேஸ்வரன்' நாடகம் அவனை மேடையின் நாயகனாக்கியது. வங்கத்தில் இவர்களுக்கெல்லாம் முன்னரே, 1861இல், மைக்கேல் மதுசூதன் தத்தர் இந்திரசித்தை வீரனாக வைத்து 'மேகநாத வத காவியம்' பாடிவிட்டார்.

ஆக, திரைக்கு முன்னால் அமர்பவரிடம் இரண்டு எதிர்பார்ப்புகள் இருந்தன. ஒன்று, பத்துத் தலை அரக்கன். மற்றையது, வீணை மீட்டும் பெருமன்னன். ஒரு படம் முதலாவதை நிறைவேற்றியது. இன்னொரு படம் இரண்டாவதை நிறைவேற்றியது. எதை எதிர்பார்த்துச் சென்றோமோ அதற்கு மாறானதைக் கண்டால் சினம் வந்தது.

பத்துத் தலையைப் பற்றி ஒரு வார்த்தை. வால்மீகியின் சுந்தரகாண்டத்தில் உறங்கும் இராவணனை அனுமன் காணும் இடத்தில், இரண்டு கைகளையுடைய மனிதனாகவே அவன் வருணிக்கப்படுவதை உரையாசிரியர்கள் கவனித்திருக்கிறார்கள். பத்துத் தலையும் இருபது கையும் அவன் வேண்டும்போது எடுக்கும் வடிவம் என்று அவர்கள் அமைதி கூறினார்கள். உரையாசிரியர்களுக்கிருந்த இந்த நெகிழ்வு இன்றைய இரசிகர்களுக்கு இல்லை.

களரியில் வரும் மன்னன்

மட்டக்களப்பை அறியாத வாசகர்களுக்காகச் சில செய்திகள். இப்பிரதேசத்தின் உயிர்நாடி வாவி. அதன் கடற்புறக் கரை எழுவான்கரை. சூரியன் சாயும் மேற்குக் கரை படுவான்கரை. வயலும் குளமும் காடும் சார்ந்த படுவான்கரைக் கிராமங்கள் கூத்தின் தாயகம். வேளாண்மை வெட்டி முடிந்ததும் ஊரவர் கூடி அண்ணாவியாரை அழைப்பர். ஆடுவோருக்கு அவரவர் பங்கை எழுதிக் கொடுப்பது 'சட்டம் கொடுத்தல்'. மாதக்கணக்காகப் பழகியபின் சதங்கை அணியும் சடங்கு. அதன் பின்னர்தான் அரங்கேற்றம். வட்டமாகக் கட்டிய களரியில், நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருக்க, இரவு தொடங்கி விடியும் வரை ஆட்டம் நடக்கும்.

கூத்தில் வடமோடி, தென்மோடி என இரு வகையுண்டு. தென்மோடி பெரும்பாலும் காதலும் மணமுமாக இனிது முடியும். வடமோடி போரைப் பாடும். பாரதமும் இராமாயணமும் அதற்குரிய கதைகள். வீழ்ச்சியும் மரணமும் அதற்குரிய முடிவுகள். வடமோடி அரசனின் உடையைக் 'கரப்புடுப்பு' என்பர். மீன்பிடிக்கும் கரப்பைப் போல இடுப்பிலிருந்து விரிந்து நிற்பதால் வந்த பெயர். வாவிக்கரை மக்கள் தமது மன்னனுக்குத் தமது தொழிற்கருவியின் பெயரிலேயே உடை தைத்தார்கள்.

திரைக்கும் களரிக்கும் உள்ள முதல் வேறுபாடு இங்கேதான் தோன்றுகிறது. கட்டியகாரன் வந்து அறிவிக்க, வரவுப் பாட்டு ஒலிக்க, மத்தளம் அதிர அரசன் களரிக்கு வருகிறான். அவன் தருமனாயினும் துரியோதனனாயினும் அரசனுக்குரிய வரவு அவனுக்கு உண்டு. பாட்டிலும் தாளத்திலும் அவனுக்குரிய மரியாதை குறைவதில்லை. அவன் நல்லவனா தீயவனா என்பதை உடையும் முகப்பூச்சும் முன்கூட்டித் தீர்ப்பதில்லை. அவன் செய்யும் செயலும் அதன் விளைவும் விடியும்போது தீர்த்துவைக்கும்.

சினிமாவில் அரசனின் வல்லமையை முகம் காட்டுகிறது. ஒளிப்படக் கருவி கண்ணை நெருங்குகிறது, சிரிப்பை நெருங்குகிறது. கூத்தில் வல்லமையைக் காட்டுவது கால். ஐந்நூறு பேர் சுற்றியிருக்கும் களரியில் முகபாவம் கடைசி வரிசைக்கு எட்டாது. அடியும் வீச்சும் எட்டும். அரசன் களைக்கிறான் என்பதும் கலங்குகிறான் என்பதும் ஆட்டத்தில்தான் தெரியவேண்டும். அதனால்தான் கூத்தில் வீழும் மன்னனின் வீழ்ச்சியை நாம் உடம்பால் உணர்கிறோம். இரவு பத்து மணிக்குத் துள்ளி வந்த கால்கள் விடியற்புறம் உண்மையிலேயே தளர்ந்திருக்கும். அது நடிப்பன்று.

இன்னொன்றும் உண்டு. திரையில் வருபவர் நட்சத்திரம். களரியில் வருபவர் அடுத்த வளவு விவசாயி. நேற்று உங்களோடு வரம்பு வெட்டியவர் இன்று மன்னர். நாளை மீண்டும் வரம்பு வெட்டுவார். ஊரில் பலரை அவர்கள் ஆடிய வேடத்தின் பெயராலேயே அழைப்பதை என் பத்திரிகைப் பயணங்களில் நான் பல தடவை அவதானித்திருக்கிறேன். மன்னனும் நம்மைப் போன்ற ஒருவனே, நாம் செய்யும் பிழையையே அவனும் செய்கிறான் என்ற எண்ணம் அங்கே இயல்பாக உண்டாகிறது.

'இராவணேசன்'

இந்த மரபிலிருந்து எழுந்ததே 'இராவணேசன்'. 1956இல் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர அரங்கேற்றிய 'மனமே' சிங்கள நாடக உலகையே மாற்றியது. நாட்டார் அரங்கிலிருந்து நவீன நாடகம் பிறக்கலாம் என்பதை அது காட்டியது. அப்போது பேராதனையில் பணியாற்றிய பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதே வழியில் தமிழ்க் கூத்தை நாடினார். மட்டக்களப்பு மாணவர்கள் அவருக்குக் கைகொடுத்தார்கள். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் பல்கலைக்கழகத்துக்குச் சென்று பழக்கினார். 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்', 1968இல் 'வாலிவதை' என அவை தொடர்ந்தன. விடியும் வரை ஆடிய கூத்து ஓரிரு மணித்தியாலத்துக்குச் சுருங்கியது. வட்டக்களரி ஒருமுக மேடையானது. இது மரபைச் சிதைப்பதாகும் என்று குறைகூறியவர்களும் இருந்தார்கள். ஆனால் 'படியாதவர்களின் ஆட்டம்' என்று நகரத்தார் ஒதுக்கிவைத்த கலை, பல்கலைக்கழக மேடையில் தலைநிமிர்ந்து நின்றது.

'இராவணேசன்' எழுத்துருவை ஆக்கியவர் அன்று மாணவராயிருந்த சி. மௌனகுரு. இராவணனாக ஆடியவரும் அவரே. அவர் பிறந்த ஊர் மட்டக்களப்பு அமிர்தகழி. அங்குள்ள மாமாங்கேஸ்வரர் ஆலயத்தையும் தீர்த்தக் குளத்தையும் இராமாயணத்தோடு தொடர்புபடுத்தும் ஐதீகத்தை ஊர் மக்கள் இன்றும் சொல்வர். இராமன் கதையைக் கேட்டு வளர்ந்த ஊரிலிருந்து இராவணனைப் பாட ஒருவர் வந்தார்.

அவர் எடுத்துக்கொண்டது முழு இராமாயணத்தையல்ல. போரின் கடைசிக் கட்டத்தை மட்டுமே. கம்பன் காட்டிய இராவணனே இதற்கு அடித்தளம். ஆயுதமிழந்து நின்றவனை இன்று சென்று நாளை வருமாறு இராமன் அனுப்பிவைக்க, வெறுங்கையோடு நகருக்குத் திரும்பும் அந்த மன்னன்தான் இங்கே நாயகன். தம்பி போகிறான். மகன் போகிறான். மனைவி மண்டோதரி தடுக்கிறாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று அறிந்தும் அவன் போர்க்களம் செல்கிறான்.

பேராசிரியர் மௌனகுரு பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத்துறையில் பணியாற்றியபோது மாணவர்களைக் கொண்டு இதனை மீளத் தயாரித்தார். அந்த ஆற்றுகையை மட்டக்களப்பில் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கே நான் கண்டது திரையில் காணாத ஒன்று. இராவணன் அட்டகாசம் செய்தபோது மண்டபம் ஆரவாரித்தது. மண்டோதரி வந்து போதும் என்று இரந்தபோது மண்டபம் அமைதியானது. எனக்கு முன்வரிசையில் இருந்த இரண்டு வயோதிப மாதர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தனர். அவர்கள் எதற்காக அழுதார்கள் என்று நான் கேட்கவில்லை. மட்டக்களப்பில் அந்த வயதுடைய தாய்மாரிடம் அதைக் கேட்கத் தேவையில்லை.

இராவணன் நல்லவனா தீயவனா என்பது சினிமா எழுப்பிய கேள்வி. 'சம்பூர்ண இராமாயணம்' முதல் 'ஆதிபுருஷ்' வரை அதே கேள்விக்கே வெவ்வேறு விடைகள். 'இராவணேசன்' எழுப்பும் கேள்வி வேறு: இவ்வளவு அறிவும் கலையும் வீரமும் உள்ள ஒருவனால் ஏன் நிறுத்த முடியவில்லை? நிறுத்தாமல் அவன் காத்தது தன் மானத்தை. இழந்தது தன் நகரத்தை. அந்த மானத்தின் விலையைக் கொடுத்தவர்கள் யார்? மண்டோதரியும், பெயர் சொல்லப்படாத ஆயிரம் மண்டோதரிகளும்.

மேலைநாட்டாரின் சினிமாவிலும் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. 2004இல் வெளிவந்த 'ட்ரோய்' படத்தைக் காணச் சென்ற பலர் அக்கிலீசுக்காகச் சென்றார்கள். மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டு வாயிலுக்கு வெளியே இறங்கிச் செல்லும் எக்டரை நினைத்துக்கொண்டே திரும்பினார்கள். தோற்கப்போவது தெரிந்தும் போகிறவன் எங்கேயும் மனிதரைத் தொடுகிறான். ஆனால் எக்டர் தம்பி செய்த பிழைக்காகச் செத்தான். இராவணன் தன் பிழைக்காகப் பிறரைச் சாகவிட்டான். இந்த வேறுபாட்டை மறைக்காமல், அவன்மீது இரக்கத்தையும் உண்டாக்குவதே 'இராவணேசன்' செய்த அரிய காரியம்.

யாருடைய மன்னன்?

அண்மைக் காலத்தில் இராவணனுக்கு இன்னொரு மறுபிறப்பு நிகழ்ந்திருக்கிறது. மகாவம்சம் இடங்கொடாத அவனைச் சிங்களத் தேசியவாதிகள் சிலர் தமது ஆதி மன்னனாகக் கொண்டாடத் தொடங்கினர். அவன் பெயரில் இயக்கம் தோன்றியது. 2018இல் சிங்களத் தொலைக்காட்சியில் 'ராவணா' தொடர் ஆரம்பமாகியது. இலங்கையின் முதலாவது ஆய்வுச் செய்மதிக்கு 'இராவணா-1' என்று பெயரிட்டு 2019 யூன் மாதத்தில் விண்ணில் விட்டார்கள். தமிழருக்கோ அவன் சைவன். தேவாரப் பதிகங்களில் சம்பந்தர் தவறாது எட்டாம் பாடலில் நினைவுகூரும் சிவபக்தன். திருகோணமலையின் இராவணன் வெட்டும், தாயின் ஈமக்கடனுக்காக அவன் உண்டாக்கியதாகச் சொல்லப்படும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் அவன் பெயரைச் சுமக்கின்றன. செய்மதி சென்ற மறுமாதமே, 2019 யூலையில், அந்தக் கன்னியாவில் வழிபாட்டு உரிமை குறித்துப் பெரும் பதற்றம் ஏற்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஒருவர் அவனை விமானம் ஓட்டிய விஞ்ஞானி என்கிறார். ஒருவர் திராவிட வேந்தன் என்கிறார். இருவருக்கும் வேண்டியது தோல்வியுறாத ஒரு மன்னன். இரு தரப்பாரும் விலக்கிவைக்க விரும்புவது அக்கதையின் கடைசிப் பகுதியை. சாம்பலான நகரத்தையும் அழுகின்ற பெண்களையும் நீக்கிவிட்டால் இராவணனை எவரும் தமது கொடியில் வரைந்துகொள்ளலாம். பத்துத் தலை அரக்கனாக்கிய சினிமா அவனைச் சிறுமைப்படுத்தியது என்றால், குற்றமற்ற பேரரசனாக்கும் இன்றைய கொண்டாட்டமும் அவனை வேறொரு வகையில் சிறுமைப்படுத்துகிறது. பிழை செய்யத் தெரியாத மன்னனுக்குக் காவியம் எதற்கு?

போர்க்காலத்தில் வாவிக்கரைக் கிராமங்களில் இரவு முழுவதும் கூடியிருப்பது இயலாத காரியமாயிற்று. பல ஊர்களில் மத்தளம் மௌனித்தது. ஆடியவர்களில் பலர் மாண்டனர், பலர் புலம்பெயர்ந்தனர். 2004 டிசெம்பர் 26இல் கடலும் எழுவான்கரையைக் கொண்டுபோனது. இத்தனைக்குப் பின்னரும் களரி மீண்டும் கட்டப்படுகிறது. பாடசாலைகளிலும் பல்கலைக்கழகத்திலும் பிள்ளைகள் தாளக்கட்டுப் பழகுகிறார்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இதைப் படிக்கும் அன்பர்கள் தமது பிள்ளைகளுக்கு இராவணனைக் காட்ட விரும்பினால், திரைப்படங்களைக் காட்டட்டும், தடையில்லை. பகவதியின் சபைக் காட்சியைக் கட்டாயம் காட்டட்டும். அதனோடு ஊருக்கு வரும்போது ஒரு வடமோடிக் கூத்துக்கும் அழைத்துச் செல்லட்டும்.

அரசன் எப்படி இருந்தான் என்பதைத் திரை எத்தனை விதமாகவும் காட்டலாம். தாடி வைக்கலாம், எடுக்கலாம். தலைகளை ஒரு வரிசையிலோ இரண்டு வரிசையிலோ அடுக்கலாம். நான் பார்த்த திரைப்படங்களில் மண்டோதரிக்குக் கிடைத்தது சில நிமிடங்களே. போர் முடிந்த மண்ணில் வாழ்பவர்களுக்கு அந்த மன்னனின் முகத்தைவிட அவளுடைய கேள்வியே முக்கியமானது. அதற்கு இராவணனும் விடை சொல்லவில்லை.